கூச்சமே இல்லாத அப்பா

தாம்பரத்துக்குத் தெற்கிலும் கிழக்கிலும் அடுக்குமாடிகள் எழும்பிய அதே வேகத்தில் ஒரு மனித இனமும் எழும்பியிருக்கிறது. அதற்குக் 'கூச்சமே இல்லாத அப்பா' என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும், டீ சர்ட்டைப் பேண்டுக்குள் செருகியிருப்பார், பெண் குழந்தை ஒன்று பெற்றிருப்பார், அந்தக் குழந்தை பெரியவளான நாளிலிருந்து அவருக்கும் ஏதோ ஒரு ஞானம் பிறந்திருக்கும். "எங்க வீட்ல பீரியட்ஸ் பத்தி ரொம்ப ஓப்பனா பேசுவோம் சார்" என்பார். நீங்கள் அதைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள். கார் எங்கே சர்வீஸ் விடுகிறார் என்றுதான் கேட்டிருப்பீர்கள்.

எவ்வளவு ஓப்பனாகப் பேசுவார்? ஆங்கிலம் தீரும் வரை பேசுவார். பீரியட்ஸ், சைக்கிள், ஹார்மோன், மென்ஸ்ட்ருவல் ஹைஜீன், பி.எம்.எஸ். என்று ரயில் நிலைய அறிவிப்பைப் போலத் தயக்கமே இல்லாமல் சொல்லிக்கொண்டு போவார். நடுவில் யாராவது தமிழில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், மனிதர் காது மடல் சிவந்து, தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவார்.

இவ்வளவு துல்லியமாக இவருக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் யோசிப்பது புரிகிறது. என் பெயர் தயாளன். இப்போதைக்குக் கீழ்க்கட்டளையில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். திருமுடிவாக்கத்தில் இரும்புச் சட்டங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எச்.ஆர். மேனேஜர். இந்த இனத்தில் என்னைவிட முற்றிய ஆளைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம்.

சொற்களின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் முன்பு 'தூரம்' என்பார்கள், 'ஓரமா உக்காந்திருக்கா' என்பார்கள், 'வூட்டுக்கு விலக்கு' என்பார்கள். அந்தப் பெண்ணுக்குத் தனித் தட்டு, தனிப் பாய், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் போகக் கூடாது. பிறகு ஆஸ்பத்திரி வழியாக 'மென்சஸ்' வந்தது. லேடீஸ் ஹாஸ்டல் வழியாக 'சம்ஸ்' வந்தது. கல்யாணத்துக்குத் தேதி குறிக்கும்போது மட்டும் 'டேட்' வந்தது. கடைசியாகப் 'பீரியட்ஸ்' வந்து எல்லோரையும் துரத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. எங்கள் பக்கத்து ஃபிளாட் ஜெர்சன் இதே இனத்தின் சர்ச் கிளை. அவர் 'லேடீஸ் இஷ்யூ' என்பார். ஒரு ஞாயிறு அவர் மனைவி பிளஸ்ஸி கால் சுளுக்கிக்கொண்டு ஆராதனைக்குப் போகவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ஜெர்சன் பழக்க தோஷத்தில் "லேடீஸ் இஷ்யூ" என்று சொல்லிவைக்க, அடுத்த வாரம் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்த பிளஸ்ஸியைப் பார்த்து சபையே குழம்பிப்போனது.

நானோ அதற்கும் ஒரு படி மேலே. தொழிற்சாலையில் பெண்கள் கழிப்பறை வாசலில் 'இது பீரியட் பாசிட்டிவ் பணியிடம்' என்று ஆங்கிலத்தில் ஒரு போஸ்டர் ஒட்டினேன். ரோஜா நிற எழுத்து, ஓரத்தில் பூ. பிறகு வெல்டிங், பெயிண்டிங் பிரிவுப் பெண்களையெல்லாம் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினேன். திரையில் படம் காட்டினேன். "கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க சார்" என்றார் ஓர் அம்மா. "இதெல்லாம் டெக்னிக்கல் டேர்ம்ஸ்மா, தமிழ்ல சரியா வராது" என்றேன். இன்னொருவர் எழுந்து, "உள்ள குழாயில தண்ணி வரல சார், ரொம்ப நாளா பக்கத்து கம்பெனிக்குப் போய்ட்டு வரோம்" என்றார். அருமையான பாயிண்ட் என்று அவரைப் பாராட்டிக் கைதட்டச் சொன்னேன். அந்தப் போஸ்டர் இன்றும் இருக்கிறது. தண்ணீர்தான் இன்னும் வரவில்லை.

மருந்துக் கடையில் எங்கள் இனத்தைச் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளலாம். மற்ற ஆண்கள் கூட்டம் குறையும் வரை இருமல் மருந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நாங்கள் நேராகப் போய், "சானிட்டரி நாப்கின்ஸ், எக்ஸ்.எல்., வித் விங்ஸ்" என்று கணீரென்று கேட்போம். கடைக்காரர் பழக்கத்தில் செய்தித்தாளில் சுற்றப் போனால், "எதுக்குங்க மறைக்கணும்? வாட் இஸ் தேர் டு ஹைட்?" என்று தடுப்போம். பாக்கெட்டைக் கையில் பிடித்து ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவோம். பிறகு, "ஒரு பெரிய கறுப்பு கவரா குடுங்க, தக்காளி வேற வாங்கணும்" என்போம். தக்காளி வாங்க மாட்டோம்.

வீட்டுக்கு வாருங்கள். பால்கனியை ஒட்டி, ஹாலின் ஓரத்தில், நான் ஒரு 'கம்ஃபர்ட் கார்னர்' அமைத்திருக்கிறேன். அந்த நாட்களில் என் மகள் வினிதா ஓய்வெடுப்பதற்கு. பஞ்சு மூட்டை மாதிரி ஒரு பீன் பேக், வெந்நீர்ப் பை, அவள் பெயர் அச்சடித்த தனித் தட்டு, தனிக் கோப்பை. சாமி அலமாரி வேறு திசையில் இருப்பது வெறும் தற்செயல். வந்தவர்களுக்கெல்லாம் அந்த மூலையைக் காட்டிப் பெருமைப்பட்டேன். என் மனைவி நாகலக்ஷ்மி ஒரு முறை மட்டும், "பாய்க்குப் பதிலா பீன் பேக்" என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வினிதா பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளுக்கு எப்போது கோபம் வந்தாலும் நான் புரிந்துகொள்வேன். "என் சார்ஜரை யாருப்பா எடுத்தது?" என்று அவள் கத்தினால், "ஹார்மோன்ஸ்மா, இட்ஸ் ஓகே" என்பேன். சார்ஜர் என் பையில் இருக்கும்.

இப்படி ஓப்பனாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் கூடுவாஞ்சேரியில் நாங்கள் வாங்கிய ஃபிளாட் கட்டி முடிந்தது. இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை. அதில் சின்ன அறை வினிதாவுக்கு. பிறந்ததிலிருந்து ஹாலில் படுத்துப் பழகியவள் அவள். சுவருக்கு நிறம் அவளே தேர்ந்தெடுத்தாள், ஜன்னல் திரைக்குத் துணி அவளே பார்த்தாள், கிரகப்பிரவேசத்தன்று விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் உள்ளே போகிறவள் தான்தான் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐயர் முகூர்த்தம் குறித்துக் கொடுத்தார். வினிதாவின் நாட்களைக் கணக்கிட நான் என் போனில் வைத்திருக்கும் ஆப்பைத் திறந்து பார்த்தேன்.

"வினிதா, ஃபங்ஷனும் உன் சைக்கிளும் க்ளாஷ் ஆகுதுமா. ஒரு சின்ன ரீஷெட்யூலிங் பண்ணிக்கலாமா?"

"மாத்திரையா?"

"பீரியட் டிலே டேப்லெட். டாக்டரே எழுதித் தர்றதுதான்."

"பெரியப்பா வீட்டு கல்யாணத்துக்கும் டாக்டர் எழுதித் தந்ததுதான்பா. மண்டபத்துல வாந்தி எடுத்துட்டே இருந்தேன். தலை சுத்தி ஃபோட்டோவுக்குக்கூட நிக்க முடியல."

"சாய்ஸ் உன்னோடதுதான்மா. மை பாடி, மை சாய்ஸ்."

"அப்ப வேணாம்."

"நல்லா யோசிச்சு சொல்லு."

"யோசிச்சிட்டேன்."

"இன்னும் நல்லா யோசி."

நாகலக்ஷ்மி பாத்திரம் தேய்த்தபடியே, "அவ மாத்திரை போட மாட்டா. வேற ஏதாவது இருந்தா பேசுங்க" என்றாள்.

நான் பெண்ணின் விருப்பத்தை மதிப்பவன். மதித்தேன். அதே சமயம் விழாவுக்கு வரப்போகிறவர் முனியம்மா அத்தை, என் அப்பாவின் தங்கை, கூடுவாஞ்சேரியில் பாதி மனைகள் ஒரு காலத்தில் அத்தை வீட்டு வயல். குடும்பத்தில் அத்தை சொன்னால் மறுபேச்சு கிடையாது. நான் தொழிற்சாலையில் பேசிய ஒரு மணி நேரப் பேச்சில் ஒரு வரியைக்கூட அத்தையிடம் சொல்லத் துணிச்சல் இல்லாதவன். ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆபீஸில் எதற்கும் முடிவு எடுக்க முடியாதபோது நாங்கள் கண்டுபிடிக்கும் அதே வழி. ஹைபிரிட் மோட். வினிதா கீழே பார்க்கிங்கில் காரில் இருப்பாள். ஏ.சி. ஓடும். போனில் வீடியோ வழியாக எல்லாவற்றையும் நேரலையில் பார்ப்பாள். "நீ எதையுமே மிஸ் பண்ண மாட்டே, ஃபுல் சப்போர்ட்" என்றேன். வினிதா ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். அதை நான் சம்மதம் என்று ஆப்பில் குறிக்காததுதான் பாக்கி.

நான் பயந்தபடியே முதல் நாளே அவளுக்கு வந்துவிட்டது. மறுநாள் விடியும் முன் கூடுவாஞ்சேரி போனோம். பட்டுப் பாவாடை தாவணியோடு பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தவளைக் காரிலேயே விட்டுவிட்டு, ஏ.சி. போட்டு, தண்ணீர் பாட்டில் கொடுத்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு நாங்கள் இறங்கினோம். பசுவும் கன்றும் வந்தன. மாடி ஏற முடியாதாகையால் கீழ்த்தளத்து லாபிக்குள் அழைத்துப்போய், மாலை போட்டு, பொட்டு வைத்து, வாழைப்பழம் கொடுத்தோம். பசு புது டைல்ஸ் மேல் சாணி போட்டது. "ரொம்ப விசேஷம்" என்றார் ஐயர். எல்லோரும் மகிழ்ந்தோம். என் போன் அதிர்ந்தது. காரிலிருந்து வினிதா செய்தி அனுப்பியிருந்தாள். 'மாட்டுக்கு மாத்திரை குடுத்தீங்களாப்பா?'

பதிலுக்கு ஓர் இதயத்தை அனுப்பிவிட்டு மேலே ஏறினேன்.

மேலே ஹோமம் முடிந்தது. சாமி படத்துக்கு முன்னால் நாகலக்ஷ்மி விளக்கேற்றினாள், புது அடுப்பில் பால் காய்ச்சினாள். பால் நுரைத்து நான்கு பக்கமும் பொங்கி வழிந்தது. "சோக்கா பொங்கிச்சு பாரு, வூடு நெறைஞ்சு இருக்கும்" என்றார் முனியம்மா அத்தை. முதல் டம்ளரை அத்தை குடித்தார். நான் ஒன்றுக்கு இரண்டாகக் குடித்தேன். அதற்குள் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். பொண்ணு எங்கே? ஆபீஸ் நண்பரிடம், "ஷீ இஸ் ஆன் ஹர் பீரியட்ஸ், வி ஆர் வெரி ஓப்பன்" என்றேன். மேல்வீட்டுக்காரரிடம், "டெஸ்ட் இருக்கு" என்றேன். அத்தை கேட்கும்போது மட்டும் தும்மினேன்.

நாகலக்ஷ்மி என்னை மாடிப்படிக்குத் தனியே அழைத்தாள்.

"நான் கீழ போய் வினிதாவைக் கூட்டிட்டு வரேன்."

"நாகு, ப்ளீஸ். ஹோமம் பண்ணின இடம். அத்தை வேற இருக்காங்க. அவளுக்கு செகண்ட் டே."

"எனக்கும் வந்திருக்கு."

"எது?"

"ரத்தம். காலையில குளிக்கும்போதே பார்த்தேன்."

என் வாய்க்குள் பல ஆங்கிலச் சொற்கள் ஒரே நேரத்தில் கிளம்பி ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. கடைசியில், "பால் நீதானே..." என்றேன்.

"நான்தான் காய்ச்சினேன். பொங்கலையா? நீங்க ரெண்டு டம்ளர் குடிச்சீங்களே."

வயிற்றைத் தடவிப் பார்த்தேன். அது எந்தக் கோளாறும் இல்லாமல்தான் இருந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்னையும் கார்ல உக்கார வச்சி ஏ.சி. போட்டு விட்டிருப்பீங்க. அப்புறம் பால் யாரு காய்ச்சறது?" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "என்னைப் பத்தி நீங்க யார்கிட்டயும் சொல்ல வேணாம். பொண்ணைப் பத்தி மட்டும் அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்கதான் ஓப்பனா பேசுறவராச்சே."

அவள் கீழே இறங்கிப் போனாள். நான் உள்ளே போனேன். அத்தை முன்னால் நின்றேன். தொண்டையைச் செருமினேன். தொழிற்சாலையில் ஐம்பது பேர் முன்னால் நடுங்காத குரல் இது.

"அத்தே, வினிதாவுக்குக் காய்ச்சல். அதான் கார்ல படுத்திருந்தா. இப்ப பரவாயில்ல, மேல வரா."

திரும்பினால் வாசல்படியில் வினிதா. கேட்டுவிட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்தாள்.

பொய்க்கு உடனே கூலி கிடைத்தது. எனக்கல்ல, அவளுக்கு. அத்தை அவள் நெற்றியைத் தொட்டார், கழுத்தைத் தொட்டார், "ஒடம்பு சுடலியே, உள் காய்ச்சலா இருக்கும்" என்று தீர்ப்பளித்தார். பந்தியில் எல்லோருக்கும் பொங்கல், வடை, கேசரி, பூரி. வினிதா இலையில் இரண்டு இட்லி, ஓரத்தில் சர்க்கரை. கேட்டரிங் பையன்கள் வடையை எண்ணி எண்ணிப் போடுகிறார்கள் என்று அத்தையே வடை வாளியை வாங்கிக்கொண்டு வரிசையில் வந்தார். எதிரில் ஜெர்சன் இலையில் இரண்டு விழுந்தது. எனக்கு இரண்டு. வினிதாவைத் தாண்டிப் போனார். "காய்ச்சலுக்கு எண்ணெ ஆவாது கண்ணு." தன் சொந்த வீட்டின் முதல் விருந்தில் என் மகள் சர்க்கரை தொட்டு இட்லி தின்றாள். தலை நிமிராமல் நானும் தின்றேன். பொங்கல் நன்றாகத்தான் இருந்தது.

"அத்தை" என்றாள் வினிதா. எல்லோரையும் போல அவளும் அவரை அத்தை என்றே கூப்பிடுவாள். "எனக்குக் காய்ச்சல் இல்ல. நேத்துலேர்ந்து ரத்தம் போகுது. வடை போடுங்க."

ஜெர்சன் பொங்கலில் மிளகைத் தேடுவதில் முழுக் கவனமும் செலுத்தினார். அத்தையின் கை வாளிக்குள் அப்படியே நின்றது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்னாடா தயாளா, இத்த சொல்றதுக்கு இன்னா உனுக்கு? வாயில கொழுக்கட்டயா வச்சினு கீறே? ரத்தம் போற புள்ளைய வெறும் இட்லி துன்ன வுட்டுட்டியே. தெம்பு வாணாமா?" இரண்டு வடையை அவள் இலையில் போட்டார். யோசித்து மூன்றாவதையும் போட்டார். "சாமி படத்தாண்ட மட்டும் போவாத கண்ணு" என்றும் சொல்லிவைத்தார்.

சாமி படத்துக்கு விளக்கேற்றிய நாகலக்ஷ்மி பக்கத்து இலைக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் இனத்தால் அது முடியாது. "அத்தே, இட்ஸ் எ வெரி நார்மல் பயலாஜிக்கல் ப்ராசஸ்" என்றேன். எனக்கே என் குரல் கேட்கச் சகிக்கவில்லை.

வினிதா வடைகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த அறைக்குள் நாங்கள் எல்லோரும் சேர்ந்து போயிருக்க வேண்டும், கையில் விளக்கோடு. பின்னாலேயே போய்க் கதவைத் தட்டினேன்.

"வினி, ஆர் யூ ஓகே?"

"தமிழ்ல கேளுங்கப்பா. திறக்கிறேன்."

தமிழில் கேட்பதற்கு என்ன? இரண்டே சொல்தான். அதைச் சொல்ல நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்பதை ஜெர்சன் பார்த்திருக்கிறார், வேண்டுமானால் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனை வருடங்களில் அவளுக்கு வெந்நீர்ப் பை வாங்கியிருக்கிறேன், ஆப் வைத்திருக்கிறேன், ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறேன். இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டதில்லை.

"வயிறு வலிக்குதாம்மா?" என்றேன், கதவுக்கு மட்டும் கேட்கும்படி.

"கேக்கல."

ஹாலில் அத்தை இருந்தார், ஆபீஸ் நண்பர் இருந்தார், ஐயர் பூரிக்குத் தொட்டுக்கொள்ளக் கிழங்கு கேட்டுக்கொண்டிருந்தார்.

"வயிறு வலிக்குதாம்மா?"

சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. புது வீடு, சாமான் எதுவும் இன்னும் வரவில்லை, நான்கு சுவரும் அதைத் திருப்பிச் சொல்லின. ஹாலில் எல்லோரும் என் முதுகைப் பார்த்தார்கள். தாழ்ப்பாள் விலகியது.

"ரொம்ப வலிக்குதுப்பா" என்றாள் வினிதா. அவள் கண் கலங்கியிருந்தது. "கார்ல ஏ.சி. வேற. இன்னும் வலிச்சுது."

அதற்காக நான் திருந்திவிட்டேன் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். அன்று மாலையே ஜெர்சன் தனியாக வந்து, "அதைச் சத்தமா கேட்டீங்களே பிரதர், கிரேட்" என்று கை கொடுத்தபோது, "ஓப்பன் கம்யூனிகேஷன்" என்று சொல்லி ஏற்றுக்கொண்டவன் நான்.

என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள், நல்லது. உங்கள் வீட்டில் இப்படியெல்லாம் இல்லை, அதுவும் நல்லது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்து நீங்கள் சிரிக்கும் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து உங்கள் அம்மாவோ அக்காவோ மகளோ, "அப்படி என்னத்தைப் படிக்கிறீங்க?" என்று கேட்கக்கூடும். "ஒண்ணுமில்ல, ஏதோ கிரகப்பிரவேசத்தைப் பத்தி" என்று உங்கள் வாய் தானாகச் சொல்லுமானால், நாம் மட்டும்தான் இப்படியோ என்று வருந்த வேண்டாம். கூடுவாஞ்சேரிக்கு ஒரு நாள் வாருங்கள், நாம் எல்லாவற்றையும் ஓப்பனாகப் பேசலாம்.